நோட்டீஸ் போர்டில் ஒட்டிய எண் எப்போது உதவும்? பள்ளி மாணவர்களுக்குத் தற்கொலைத் தடுப்பு உதவிகளைப் பற்றிச் சொல்வது எப்படி

பல பள்ளிகளில் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே ஒரு தாள் ஒட்டியிருக்கும். 14416, 1098, 104, 14417 என்று வரிசையாக எண்கள். பக்கத்திலேயே தேர்வு அட்டவணையும் விடுமுறைப் பட்டியலும். மாணவர்கள் தினமும் அதைக் கடந்துதான் போகிறார்கள். அவர்களில் ஒருவரை நிறுத்தி, "14416க்கு ஃபோன் பண்ணினா யார் எடுப்பாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. "காசு போகுமா?", "வீட்டுல சொல்லிடுவாங்களா?", "போலீஸ் வருமா?" என்று அவர்கள்தான் நம்மைத் திருப்பிக் கேட்பார்கள். இந்த மூன்றுக்கும் பதில் தெரியாத பிள்ளை, மனசு உடைந்து உட்கார்ந்திருக்கும் ராத்திரியில் அந்த எண்ணை அழுத்தத் துணியாது.

108ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதை அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும், காசு கேட்க மாட்டார்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அழைத்த பிறகு என்ன நடக்கும் என்பது தெரிந்திருப்பதால்தான் யாரும் தயங்குவதில்லை. மனநல உதவி எண்களைப் பற்றியும் பிள்ளைகளுக்கு அந்த அளவு தெளிவு வர வேண்டும். இந்தக் கட்டுரையில் விழிப்புணர்வு என்று நான் சொல்வது அந்தத் தெளிவைத்தான்.

நிலைமை எவ்வளவு தீவிரமானது என்பதற்கு ஒரே ஒரு புள்ளிவிவரம். தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி 2022இல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தார்கள். பள்ளி, கல்லூரி இரண்டும் இதில் அடங்கும். சராசரியாக ஒரு நாளைக்கு 35 பேருக்கு மேல்.

சரி, பேசினால் எண்ணத்தைத் தூண்டிவிட மாட்டோமா?

எந்தப் பள்ளியில் இந்தப் பேச்சை எடுத்தாலும் முதலில் எழும் தயக்கம் இதுதான். "சும்மா இருக்கிற பிள்ளைங்க மனசுல நாமளே விதைச்சிடக் கூடாதே" என்பார்கள். அக்கறையில் வருகிற பயம், மதிக்கிறேன். ஆனால் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,300க்கும் மேற்பட்ட மாணவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவிடம் தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்டார்கள், இன்னொரு பிரிவிடம் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்களிடம் மன வேதனையோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே சோர்ந்திருந்த பிள்ளைகளுக்குக் கேட்டதால் கொஞ்சம் நிம்மதியே கிடைத்தது. 2005இல் வெளியான ஆய்வு இது. அதன் பிறகு வந்த ஆய்வுகளும் இதே பக்கம்தான் நிற்கின்றன.

கேடு விளைவிக்கும் பேச்சு வேறு. எப்படி இறந்தார்கள் என்று விவரிப்பது, இறந்த பிள்ளையைத் தியாகிபோல் காட்டுவது, "ஒரே காரணம் அந்த மார்க்தான்" என்று எளிமைப்படுத்துவது. இவற்றைத் தவிர்த்துவிட்டு, வேதனை வந்தால் என்ன செய்யலாம், யாரிடம் போகலாம் என்று பேசினால் பயப்பட ஒன்றுமில்லை.

14416ஐ அழைத்தால் என்ன நடக்கும்

இதன் பெயர் டெலி மானஸ். மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில் தொடங்கியது. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மருத்துவமனை இதற்குத் தலைமை மையம். தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் இயங்குகிறது. அழைப்பு இலவசம், நாள் முழுக்க எடுப்பார்கள். 2025 நடுவிலேயே நாடு முழுவதும் 20 லட்சம் அழைப்புகளைத் தாண்டிவிட்டது.

அழைத்ததும் முதலில் பதிவு செய்த குரல் வரும், மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். தமிழைத் தேர்ந்தெடுத்தால் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் பேசுவார். இந்த இடத்தைத்தான் பிள்ளைகளுக்கு விளக்கமாகச் சொல்ல வேண்டும். எடுப்பவர் திட்ட மாட்டார். எந்த ஸ்கூல் என்று விசாரித்துப் புகார் எழுத மாட்டார். "சாகணும்போல இருக்கு" என்று தொடங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. "தூக்கம் வரலை", "படிச்சது எதுவும் மண்டையில ஏறலை", "வீட்டுல தினமும் சண்டை" என்று ஆரம்பித்தாலே போதும். ஒன்றும் சொல்ல வராமல் அழுதாலும் அவர்கள் காத்திருப்பார்கள். ஆலோசகருக்கு மேல் உதவி தேவை என்று தோன்றினால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள், அல்லது பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வழிகாட்டுவார்கள்.

வீட்டுக்குச் சொல்வார்களா? பொதுவாகப் பேச்சு ரகசியமாகவே இருக்கும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று தெரிந்தால் மட்டும், காப்பாற்றுவதற்காக மற்றவர்களின் உதவியை நாடலாம். இந்த விதிவிலக்கையும் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. "எதுவுமே வெளியே போகாது" என்று அடித்துச் சொல்லிவிட்டுப் பிறகு மாற்றினால், பிள்ளை அடுத்த முறை யாரையும் நம்பாது.

போலீஸ் வருமா என்ற கேள்விக்குப் பழைய சட்டம்தான் காரணம். இந்தியாவில் தற்கொலை முயற்சி ரொம்ப காலம் குற்றமாக இருந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே முதல் நடைமுறையில் இருப்பது, நிலைமையை மாற்றியது. முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் தருவது அரசின் கடமை என்கிறது அதன் 115ஆம் பிரிவு. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே இல்லை. பெற்றோருக்கும் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தாமதிக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

மற்ற எண்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். அடி, பாலியல் தொல்லை, கட்டாயத் திருமணம், வேலைக்கு அனுப்புவது என்று பிள்ளையின் வேதனைக்குப் பின்னால் யாரோ செய்கிற கொடுமை இருந்தால் அழைக்க வேண்டியது இதுதான். 104 தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை எண். 14417 பள்ளிக் கல்வித் துறையின் எண், படிப்பு, தேர்வு, பள்ளிப் பிரச்சினைகளுக்கு. சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் நிறுவிய சினேகா என்ற தன்னார்வ அமைப்பு 044-24640050 என்ற எண்ணில் பேசுகிறது. இதைப் படிக்கும் நீங்களே அப்படியொரு வேதனையில் இருந்தால் இப்போதே இவற்றில் ஒன்றை அழையுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108 அல்லது 112. இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767, மலேசியாவில் 15555.

இத்தனை எண்ணையும் பிள்ளைகளை மனப்பாடம் செய்யச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே ஒரு எண், 14416, மனசில் நின்றால் போதும். மற்றவை தாளில் இருக்கட்டும்.

பிள்ளை முதலில் சொல்வது ஃப்ரெண்டிடம்

இந்த விஷயத்தில் நான் ரொம்ப நேரம் நிற்க ஆசைப்படுவது இங்கேதான். வளரிளம் பருவத்துப் பிள்ளை தன் வேதனையை ஹெட்மாஸ்டரிடம் போய்ச் சொல்லாது. பல நேரம் அம்மாவிடமும் சொல்லாது. பக்கத்தில் உட்காரும் தோழியிடம், டியூஷனுக்குச் சேர்ந்து போகும் நண்பனிடம், இரவு பதினொரு மணிக்கு ஒரு வாட்ஸ்அப் மெசேஜில் சொல்லும். கூடவே "யார்கிட்டயும் சொல்லாதே, சத்தியம் பண்ணு" என்றும் சேர்க்கும். அந்தத் தோழிக்கும் பதினான்கு வயதுதான். அவள் என்ன செய்வாள்?

ஐரோப்பாவில் இதற்கு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 10 நாடுகள், 168 பள்ளிகள், 11,000க்கும் மேற்பட்ட மாணவர்கள், பெரும்பாலும் பதினைந்து வயதுக்காரர்கள். பள்ளிகளை நான்கு பிரிவாக்கினார்கள். ஒன்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. இன்னொன்றில் ஆபத்தில் இருக்கும் மாணவர்களை நிபுணர்கள் கண்டறிந்து சிகிச்சைக்கு அனுப்பினார்கள். மூன்றாவதில் மாணவர்களுக்கே நேரடியாக, நான்கு வாரங்களில் சுமார் ஐந்து மணி நேரம் வகுப்பு. அதில் பெரும் பகுதி நடித்துப் பார்ப்பது, பேசிப் பார்ப்பது. நான்காவது பிரிவில் வகுப்பறையில் விழிப்புணர்வு போஸ்டர்கள் மாட்டியதோடு சரி.

2015இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, மாணவர்களே பேசிப் பழகிய பிரிவில் புதிய தற்கொலை முயற்சிகள் போஸ்டர் மட்டும் பார்த்த பிரிவைவிட ஏறக்குறையப் பாதியாக இருந்தன. 34க்கு 14. மற்ற இரண்டு பிரிவுகளில் அந்த அளவுக்குத் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. நம் பள்ளிகளில் இன்று பெரும்பாலும் நடப்பது நான்காவது பிரிவின் வேலை. ஆசிரியர் பயிற்சி வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. பிள்ளையிடமிருந்து விஷயம் ஆசிரியரின் காதுக்கு வந்து சேர்வதற்கு இன்னொரு பிள்ளை தேவைப்படுகிறது, அந்தப் பிள்ளையைத் தயார்ப்படுத்துவதுதான் நாம் விட்டுவிடுகிற வேலை.

ஒரு வகுப்பில் இதை எப்படிச் செய்யலாம்? ஒன்பதாம் வகுப்பில் இரண்டு மாணவிகளைக் கூப்பிட்டு நடிக்கச் சொல்லலாம். ஒருத்தி சொல்கிறாள்: "எல்லாம் வெறுப்பா இருக்குடி. நான் இல்லாம போனா யாருக்கும் ஒண்ணும் ஆகாது." மற்றவளிடம் முதலில் வருவது "லூசு மாதிரிப் பேசாதடி" என்பதாகத்தான் இருக்கும். வகுப்பே சிரிக்கும். சிரிக்கட்டும். அடுத்து, "இப்படிச் சொன்னா அவ இன்னொரு தடவ உன்கிட்ட வாயத் திறப்பாளா?" என்று வகுப்பைக் கேளுங்கள். அமைதியாகி யோசிப்பார்கள். பிறகு அவர்களே வார்த்தைகளைக் கண்டுபிடிப்பார்கள். "என்னடி ஆச்சு, சொல்லு." "செத்துப்போகணும்னு நினைக்கிறியா?" இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்க நா எழாது. சுற்றி வளைக்காமல் அதைக் கேட்கப் பழக்குவதற்குத்தான் இந்தப் பயிற்சியே. "ஆமா" என்று பதில் வந்தால் என்ன செய்வது என்பதையும் நடித்துப் பார்க்கட்டும். அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது. "நாம ரெண்டு பேரும் சேர்ந்து மிஸ்கிட்டப் போகலாம், நான் கூட வரேன்" என்று கூட்டிக்கொண்டு வர வேண்டும். ராத்திரி என்றால் வீட்டில் இருக்கும் ஒரு பெரியவரை எழுப்ப வேண்டும்.

அப்புறம் அந்தச் சத்தியம். இதை ஆசிரியரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்துல சத்தியத்தை மீறலாம். மீறித்தான் ஆகணும். அவ ஒரு வாரம் உன்கூடப் பேசாம இருக்கலாம். பரவாயில்ல." காட்டிக்கொடுத்துவிட்டோமோ என்ற குற்றவுணர்வு பிள்ளைகளை ரொம்பவே அரிக்கும். அதை இறக்கி வைக்கும் அதிகாரம் ஆசிரியருக்கு இருக்கிறது. தோழியைக் காப்பாற்றும் முழுப் பொறுப்பும் தன் தலையில் என்று அந்தப் பிள்ளை நினைத்துவிடவும் கூடாது. அதன் வேலை ஒரு பெரியவரிடம் கொண்டுவந்து சேர்ப்பது. அதோடு அது வகுப்புக்குத் திரும்பலாம்.

ஆசிரியரிடம் வந்து சேர்ந்த பிறகு

அது ஸ்டாஃப் ரூமில், ஆறு பேர் நோட்டுத் திருத்திக்கொண்டிருக்கும்போது பேசுகிற விஷயமில்லை. லேப், லைப்ரரி, காலியான வகுப்பு, எங்கேயாவது தனியாக உட்கார வேண்டும். அறிவுரை அப்புறம். "உங்க அப்பா எவ்வளவு கஷ்டப்பட்டு உன்னைப் படிக்க வைக்கிறார் தெரியுமா" என்பது நல்ல எண்ணத்தில் சொல்லப்படுகிற வாக்கியம்தான். ஆனால் தான் ஒரு சுமை என்று ஏற்கெனவே நம்பிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது இன்னொரு சுமையாகவே போய் விழும். கேளுங்கள். கூடவே இருங்கள். 14416ஐ அங்கேயே உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போட்டுச் சேர்ந்து அழையுங்கள். பெற்றோரை வரவழைத்து நேரில் சொல்லுங்கள், வீட்டில் ஆபத்தான பொருட்கள் எதுவும் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கொடுமை செய்பவரே வீட்டில்தான் இருக்கிறார் என்று தெரிந்தால் பெற்றோரை அழைப்பதற்கு முன் 1098. பாலியல் கொடுமை என்றால் போக்சோ சட்டப்படி புகார் தெரிவிப்பது கட்டாயம், பிள்ளையிடம் அதையும் பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும்.

யாரும் வந்து சொல்லாமலேயே ஆசிரியர் கண்ணில் படக்கூடியவையும் உண்டு. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பையன் ஒதுங்கிப்போவது, வகுப்பில் தூங்கி வழிவது, சாப்பாட்டை அப்படியே மூடி வைப்பது, ஆசையாக வைத்திருந்த பொருளை யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுவது, கட்டுரை நோட்டில் சாவைப் பற்றி எழுதுவது, "இனிமே உங்களுக்குத் தொந்தரவு இருக்காது மிஸ்" என்பது போன்ற பேச்சு. பல நாள் கொந்தளிப்பில் இருந்த பிள்ளை திடீரென்று அமைதியானாலும் கவனிக்க வேண்டும். இதில் ஒன்று தெரிந்தால் ஆபத்து உறுதி என்று இல்லை. கூப்பிட்டு விசாரிக்க அது போதுமான காரணம், அவ்வளவுதான்.

எப்போது சொல்வது

செப்டம்பர் 10 உலகத் தற்கொலைத் தடுப்பு நாள். அன்றைக்குப் பிரேயரில் ஒரு உறுதிமொழி, ஒரு ஓவியப் போட்டி என்று முடித்துவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு இது தேவைப்படும் நாட்கள் வேறு. அரையாண்டு மார்க் வருகிற வாரம், பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதம், மே மாத ரிசல்ட், நீட் முடிவு. ரிசல்ட் வரும்போது பள்ளி பூட்டியிருக்கும், நோட்டீஸ் போர்டைப் பார்க்க ஆளே இருக்காது. அதனால் கடைசித் தேர்வு முடிந்து அனுப்பும்போதே சொல்லி அனுப்ப வேண்டும். 2021இல் நீட் எழுதிய லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைத் தமிழ்நாடு அரசே தொலைபேசியில் அழைத்து மனநல ஆலோசனை வழங்க ஏற்பாடு செய்தது. பிள்ளை அழைக்கும்வரை காத்திருக்காமல் உதவி தானே தேடிப்போகும் அந்த முறையை ஒரு வகுப்பாசிரியரும் செய்யலாம். ரிசல்ட் அன்று, தவறியிருப்பார்கள் என்று தோன்றுகிற நாலு பேருக்கு ஒரு ஃபோன்.

அந்த ஃபோனில் சொல்வதற்கு உருப்படியான தகவலும் இருக்கிறது. பத்தாம் வகுப்பிலோ பிளஸ் டூவிலோ தவறியவர்கள் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதலாம், தேறினால் அதே வருடம் மேற்கொண்டு சேரலாம். இந்த ஏற்பாடு வருவதற்காக வாதாடியவர்களில் சினேகாவின் லட்சுமி விஜயகுமாரும் ஒருவர். ஒரு வருடம் வீணாகிறது என்ற எண்ணமே பிள்ளைகளை எவ்வளவு நொறுக்குகிறது என்று பார்த்தவர்கள் அவர்கள். 2017இல் தமிழ்நாடு மாநில ரேங்க் பட்டியல் வெளியிடுவதை நிறுத்தியதையும் நான் இதே வரிசையில்தான் வைப்பேன். தேர்வு முறையில் செய்கிற ஒரு திருத்தம்கூட உயிர்காக்கும் வேலைதான்.

பள்ளியின் கடமை என்று எழுதப்பட்டிருப்பது

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்கு 15 வழிகாட்டு நெறிகளை வகுத்தது. சட்டம் வரும்வரை இவை கட்டுப்படுத்தும். 100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் நிறுவனத்தில் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். ஆசிரியர்களுக்கும் மற்ற ஊழியர்களுக்கும் வருடத்துக்கு இரண்டு முறை பயிற்சி. டெலி மானஸ் உள்ளிட்ட உதவி எண்களை விடுதி, வகுப்பறை, பொது இடங்களில் பெரிய எழுத்தில் வைக்க வேண்டும். பெற்றோர்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து, "நம்ம ஸ்கூல்ல ஆலோசகர் யாரு, எந்தக் கிழமை வருவாங்க?" என்று கேட்கலாம். கேட்க உரிமை இருக்கிறது.

எண்ணை எங்கே வைப்பது என்பதிலும் யோசிக்க இடமுண்டு. எல்லோரும் பார்க்கிற வராந்தாவில் நின்று அந்த எண்ணைக் குறித்துக்கொள்ள எந்தப் பிள்ளைக்கும் கூச்சமாக இருக்கும். கழிப்பறைக் கதவின் உட்புறம், டைரியின் முதல் பக்கம், ஐடி கார்டின் பின்பக்கம் என்றால் யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2019 முதல் ஏழாம் வகுப்பு தொடங்கி மாணவர் அடையாள அட்டையிலேயே தற்கொலைத் தடுப்பு எண்ணை அச்சிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நம் பள்ளிகளில் ஐடி கார்டு எப்படியும் வருடா வருடம் அச்சாகிறது. ஒரு வரி கூடுதல், அவ்வளவுதான் செலவு.

சொந்தமாக ஃபோன் இல்லாத பிள்ளைகளை மறந்துவிடக் கூடாது. அவர்களுக்கு எண் மட்டும் கொடுத்துப் பயனில்லை. "என் ஃபோனில் பேசிக்கலாம், என்ன பேசினேன்னு கேட்க மாட்டேன்" என்று சொல்லும் ஓர் ஆசிரியர் பள்ளியில் இருக்க வேண்டும், அவர் யார் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். விடுதிகளில் வார்டன்.

முயற்சி செய்து பிழைத்துத் திரும்பி வருகிற பிள்ளையிடம் வகுப்பு நடந்துகொள்கிற விதம் ரொம்ப முக்கியம். என்ன நடந்தது என்று யாரும் துருவக் கூடாது. விடுபட்ட பாடத்தை முடிக்கச் சொல்லி உடனே நெருக்கவும் கூடாது. தினமும் ஒரு தடவை பார்த்து "சாப்பிட்டியா?" என்று கேட்க ஒருவர் போதும். மருந்தோ ஆலோசனையோ தொடர வேண்டியிருந்தால் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவர் இருக்கிறார், கட்டணம் இல்லை.

கடைசியாக, பலருக்குத் தெரியாத ஒன்று. 14416 வேதனையில் இருப்பவருக்கு மட்டுமான எண் இல்லை. "என் வகுப்புல ஒரு பையன் இப்படி இருக்கான், நான் எப்படிப் பேசுறது?" என்று ஆசிரியர் அழைக்கலாம். "என் பொண்ணு ரூமைவிட்டு வெளியே வர மாட்டேங்குறா" என்று ஓர் அம்மா அழைக்கலாம். ஃப்ரெண்டைப் பற்றிக் கவலைப்படும் மாணவரும் அழைக்கலாம். அவர்களுக்கும் அதே பொறுமையோடு வழி சொல்வார்கள்.